முத்துப்புள்ளிக் கோழி

1344 ஆம் ஆண்டிலே மொரொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுனு பத்தூத்தா இலங்கையின் வடமேற்குக் கரையில் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை அன்போடு வரவேற்று விருந்தினராக இருத்தினான். ஒருநாள் அவர் அரசனைக் காணச் சென்றபோது, அரசன் முன்னிலையில் முத்துக்கள் குவிந்து கிடந்தன. முத்துக்குளிப்பிலிருந்து அப்பொழுதுதான் கொண்டுவரப்பட்டவை அவை. அலுவலர் சிலர் அம்முத்துக்களுள் நல்லவற்றை வேறாகவும் ஏனையவற்றை வேறாகவும் பிரித்துக்கொண்டிருந்தனர். இக்காட்சியை அவர் தம் பயண நூலிலே குறித்து வைத்திருக்கின்றார்.

மன்னார்க் கடலில் முத்து எடுக்கப்பட்ட காலமெல்லாம் இவ்வாறு தெரிந்து பிரிக்கும் தொழிலும் அதனுடன் நடந்தே வந்தது. பிற்காலத்தில் இதற்கெனப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் பயன்பட்டன. முதற் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1000 துளைகள். பெரிய முத்து மேலே தங்கும். சிறியது கீழே விழும். அதன்பின் உருட்சியும் ஒளியும் பார்த்து வகுப்பார்கள். குற்றமற்ற உருண்டை முத்து ஆணிமுத்து எனப்பட்டது. அதன் கீழே பல தரங்கள் சென்று, முடிவிலே தூள் என்ற தரம் நின்றது. ஆணிமுத்தாக ஒருமுறை தெரியப்பட்டது என்றும் ஆணிமுத்தே. தூள் என்று ஒதுக்கப்பட்டது நாளை ஆணிமுத்தினிடையே வந்து தோன்றப்போவதில்லை. சல்லடை செய்த தீர்ப்பு மாறாத தீர்ப்பு.

முத்தின் பெயரைத் தாங்கிய உயிருள்ள பொருள் ஒன்றும் உண்டு. அதுவே கினிக்கோழி. கரும்பூச்சாம்பல் நிறமான உடலெங்கும் வெண்ணிறப் புள்ளிகள் நிரை நிரையாக விளங்கும். அப்புள்ளிகளை முத்துக்களாகக் கண்டே மேனாட்டுப் பறவை வளர்ப்போர் இக்கோழியின் இயற்கை நிறத்துக்கு முத்து நிறம் என்று பெயரிட்டனர். இந்நிறத்தினின்று வெளிர்சாம்பலும் வெள்ளையும் பிறவுமாகப் பல நிறங்களை மனிதன் பிரித்தெடுத்திருக்கின்றான். அவன் அவ்வாறு பிரித்த வரலாறு, முத்துச் சல்லடையின் வரலாற்றினின்றும் பெரிதும் வேறுபட்டது. உயிரைச் சலிக்கும்போது ஒதுக்கியது ஒழிந்துபோவதில்லை. அது மறைந்து நிற்கும்; பேரக்குஞ்சுகளின் காலத்திலே மீண்டும் தலைகாட்டும். இவ்வுண்மையை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது.

கினிக்கோழியின் தாயகம் ஆபிரிக்கா. பண்டை எகிப்தியர் தம் சித்திர எழுத்துக்களுள் ஒன்றாக இதன் உருவத்தை அமைத்திருந்தனர். கிரேக்கர் இதனை மெலியாகிரிஸ் என்று அழைத்தனர். அப்பெயருக்குக் காரணமாக ஒரு கதையும் அவர்களிடையே வழங்கியது. மெலியாகர் என்ற வீரன் இறந்தபொழுது அவன் சகோதரிமார் ஆற்றாது அழுதார்களாம். அழுத பெண்களை ஆர்த்தெமிஸ் என்னும் தேவதை பறவைகளாக மாற்றினாளாம். அவர்கள் சிந்திய கண்ணீரே இறகிலுள்ள வெண்புள்ளிகளாயின என்பர். கண்ணீர்த்துளியை முத்து என்று கூறும் வழக்கம் தமிழுக்கும் புதியதன்று.

உரோமரும் இக்கோழியை வளர்த்தனர். கிறித்துவுக்கு முன் 37 ஆம் ஆண்டளவில் வேளாண்மை பற்றி நூல் எழுதிய வாரோ என்னும் அறிஞர், ஆபிரிக்கக் கோழிகள் பெரியவை, புள்ளியுள்ளவை, முதுகு கூனியவை என்று வருணித்து, அவை அரியனவாதலால் விலை உயர்ந்து விற்றன என்றுங் கூறுகின்றார். ஒரு பறவையின் விலையை அதன் இறைச்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. அருமையும் தோற்றமும் தீர்மானிக்கும். பின்னாளில் நிறத்துக்காகப் பறவை வளர்த்தவர்களின் எண்ணத்துக்கு வித்து இங்கேயே காணப்படுகின்றது.

உரோமப் பேரரசு தளர்ந்தபின் மேற்கு ஐரோப்பாவில் இக்கோழியைப் பற்றிய பேச்சு அருகிற்று. பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளிலே போர்த்துக்கேயர் ஆபிரிக்காவின் மேற்குக் கரையைச் சுற்றி வரலாயினர். கினி எனப்பட்ட அக்கரையிலிருந்து இக்கோழி மீண்டும் ஐரோப்பாவை அடைந்தது. கினிக்கோழி என்ற பெயர் அக்கரையைக் குறித்தே எழுந்தது. போர்த்துக்கேய மொழியில் இதற்குப் பிந்தாடா என்றும் ஒரு பெயர் உண்டு. வண்ணந் தீட்டப்பட்டது என்பது அதன் பொருள். இறகின் நிறமே பெயராக நிலைத்தது எனலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து வான்கோழியும் ஐரோப்பாவுக்கு வந்தது. புதிதாக வந்த இரு பறவைகளையும் மக்கள் ஒன்றோடொன்று மயங்கிக்கொண்டனர். அம்மயக்கம் அறிவியற் பெயர்களிலும் படிந்தது. உயிர்களுக்குப் பெயரிட்ட லின்னேயசு, கினிக்கோழிக்குரிய மெலியாகிரிஸ் என்னும் கிரேக்கப் பெயரை அமெரிக்க வான்கோழியின் சாதிப் பெயராக வைத்தார். கினிக்கோழியோ நூமிதா மெலியாகிரிஸ் என்று வழங்கலாயிற்று. வான்கோழி இந்தியாவுக்கு வந்த வழியும் வரலாற்றில் உள்ளது. 1612 ஆம் ஆண்டிலே கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அப்பறவையைக் கண்டு வியந்த மொகலாய மன்னன் சகாங்கீர், அதன் கழுத்து நிறம் நொடிக்கு நொடி மாறுவதை எழுதி, ஓவியனைக்கொண்டு அதன் உருவத்தையும் வரைவித்தான். வேற்றுநாட்டுப் பறவைகள் கீழைத்தேயத்துக்கு வந்த வாயில்களுட் போர்த்துக்கேயரின் துறைமுகங்கள் முதன்மையானவை என்பதற்கு இது தக்க சான்று.

அத்தகைய வாயில்களுள் மன்னாரும் ஒன்று. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாதோட்டம் பண்டைக் காலத்துப் பெருந் துறைமுகம். பாரசீக வளைகுடாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மட்பாண்டங்கள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. கிழக்கிந்தியத் தீவுகளிலே விளைந்த கராம்பும் அம்மண்ணிற் கிடைத்தது. போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் அக்கோட்டையைத் தமதாக்கினர்.

ஆபிரிக்கா மன்னாருக்கு அந்நியமன்று. அதன் உயிருள்ள சாட்சி மன்னார் நகருக்கு அருகே பள்ளிமுனையில் நிற்கின்றது. அங்குள்ள பெருக்கமரத்தின் அடிமரச் சுற்றளவு 19.5 மீற்றர். ஆபிரிக்காவின் வறண்ட வெளிகளுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்று கருதப்படுகின்றது. தீவின் தெருக்களிலே கூட்டங் கூட்டமாகத் திரியும் கழுதைகளும் வணிகரோடு வந்த உயிர்களின் வழித்தோன்றல்களே என்பர். கினிக்கோழியும் பெருக்கமரமும் ஒரே வெயிலில், ஒரே வறண்ட மண்ணில் வாழப் பழகியவை. ஆபிரிக்கப் புல்வெளியிலே இக்கோழி புழுபூச்சிகளையும் விதைகளையும் கிளறித் தின்று, இரவிலே மரக்கிளையில் ஏறி உறங்கும். வேற்றாளோ வேட்டை விலங்கோ நெருங்கினாற் கூட்டம் முழுவதும் கூச்சலிடும். மழை குறைந்து, மணல் பரந்து, பனையும் முட்புதரும் செறிந்த தலைமன்னார் போன்ற நிலம் இத்தகைய பறவைக்கு ஒவ்வாத நிலமன்று.

இக்கோழி பல்லாயிரம் மைல் பயணஞ் செய்து, பலவேறு தட்பவெப்பங்களிலே வாழ்ந்தது. ஆயினும் அதன் வடிவம் பெரிதும் மாறவில்லை. இதனைக் கண்டு வியந்தவர் சார்ல்சு டார்வின். வீட்டு விலங்குகளும் பயிர்களும் எவ்வாறு வேறுபட்டன என்பதை ஆராய்ந்து 1868 இல் அவர் வெளியிட்ட பெருநூலில், கினிக்கோழி இங்கிலாந்தின் மாறுபட்ட சூழ்நிலையிலே வளர்ந்தும் ஏறக்குறைய மாறாமலே இருக்கின்றது என்றும், இறகின் நிறம் சற்று வெளிறியோ கறுத்தோ போவதே அதன் மாற்றம் என்றும் எழுதினார். புறாவிலே நூற்றுக்கணக்கான வடிவங்களையும், நாட்டுக்கோழியிலே குள்ளமும் நெட்டையும் கொண்டையும் குஞ்சமுமாக எத்தனையோ வகைகளையும் உண்டாக்கிய மனிதன், கினிக்கோழியிடம் பெற்றது நிறம் ஒன்றையே.

அந்நிறங்களுள் உலகெங்கும் பெரிதும் பேசப்படுவன மூன்று. முதலாவது முத்து. இரண்டாவது வெளிர்சாம்பல், கரும்புகை நீங்கி, மெல்லிய நீலம் படர்ந்த சாம்பல் நிறம், அதன்மேல் வெண்புள்ளிகள். மூன்றாவது வெள்ளை. வெள்ளைக் கோழியை நிறமிழந்த நோய்ப் பறவை என்று கொள்ளலாகாது. அதன் கண்கள் கரியனவே. இறகு மாத்திரமே நிறப்பொருளைப் பெறவில்லை. குஞ்சிலேயே இந்நிறங்களை வேறு பிரிக்கலாம். முத்துக் கோழியின் குஞ்சு தவிட்டு நிறத்திற் கருங்கோடுகள் ஓடப் பிறக்கும். வெள்ளைக் கோழியின் குஞ்சு வெளிறிய நிறமாகவே பிறக்கும்.

பழைய காலத்துப் பண்ணையாளர் இந்நிறங்களை எவ்வாறு பிரித்தனர்? முத்துச் சல்லடையின் முறையே அவர்கள் அறிந்த முறை. வேண்டிய நிறத்தை வைத்துக்கொண்டனர். வேண்டாததை விற்றனர், அல்லது உண்டனர். வெளிர்சாம்பல் நிறத்தை விரும்பியவர்க்கு அம்முறை எளிதாகவே பயன்பட்டது. வெளிர்சாம்பற் சேவலோடு வெளிர்சாம்பற் பேட்டைச் சேர்த்தாற் குஞ்சுகள் யாவும் வெளிர்சாம்பலாகவே பிறந்தன. ஆனால் முத்து நிறத்தைத் தூய்மையாக வைத்திருக்க விரும்பியவர்க்குச் சல்லடை உதவவில்லை. ஒவ்வோராண்டும் வெளிர்சாம்பற் குஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டே வந்தும், முத்து நிறத் தாய்தந்தையர்க்கே மறுபடியும் வெளிர்சாம்பற் குஞ்சு பிறந்தது. இதன் காரணம் அறியாதார் தீவனத்தின்மேற் குறை கூறினர். குளிரின்மேற் குறை கூறினர். முட்டை விற்றவனின் நேர்மையையும் ஐயுற்றனர்.

காரணத்தைக் கண்டவர் ஒரு துறவி. கிரெகோர் மெண்டல் தம் மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணி ஆராய்ந்து, அதன் முடிவை 1866 இல் வெளியிட்டார். அவர் காலத்தில் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். 1900 ஆம் ஆண்டிலேயே உலகம் அதனை மீண்டும் கண்டெடுத்தது. இரண்டே ஆண்டுகளில், அஃதாவது 1902 இல், இங்கிலாந்திலே வில்லியம் பேற்சன் என்பவர் அவ்விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைக் காட்டினார். அவர் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த உயிர் வேறெதுவுமன்று. வீட்டு முற்றத்திலே கிளறித் திரியும் கோழியே.

பேற்சனோடு சேர்ந்து உழைத்தவர் இரெசினால்ட் பன்னெற்று. இவருடைய பெயர் இலங்கையருக்கு உரிமையோடு நினைக்கத்தக்கது. நிறம் தாய்தந்தையரிடமிருந்து குஞ்சுக்கு இறங்கும் முறையைக் கட்டங் கட்டமாக வரைந்து காட்டும் சதுரம் இன்றும் பள்ளி மாணவர் பயிலும் பன்னெற்றுச் சதுரமாகும். அவர் இலங்கையிலே வண்ணத்துப்பூச்சிகளின் நிறங்களை ஆராய்ந்து, 1910 இல் கொழும்பு நூதனசாலையின் ஆய்விதழிலே கட்டுரை எழுதினார். ஒரே இனத்துப் பெண் பூச்சிகள் மூன்று வேறு தோற்றங்களிலே காணப்படுவதை அவர் கண்டார். அவ்வினத்தை இலங்கையிலே தலைமுறை தலைமுறையாக வளர்த்து எண்ணிப் பார்த்த பிரையர் என்பவர், மெண்டலின் விதிப்படியே அத்தோற்றங்கள் இறங்குகின்றன என்று 1913 இல் நிறுவினார். நிறத்தின் பரம்பரையை உலகம் கற்றுக்கொண்ட தொடக்க நாட்களிலே இலங்கை மண்ணும் ஒரு பாடசாலையாக விளங்கியது.

கினிக்கோழியின் நிறங்களையும் கலப்பினங்களையும் தனியே ஆராய்ந்தவருள் இத்தாலி நாட்டுப் பொலோஞ்ஞா நகர விலங்கியலறிஞர் அலெசாந்திரோ கீகி குறிப்பிடத்தக்கவர். இத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்கியது யாதெனில், ஒவ்வொரு பறவையும் நிறத்துக்குரிய பரம்பரை அலகை இரண்டிரண்டாகத் தாங்குகின்றது. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. வெளிர்சாம்பல் அலகு பின்னிடைவானது. அஃது இரண்டும் சேர்ந்திருந்தால் மாத்திரமே நிறம் வெளியே தோன்றும். ஒன்று மட்டும் இருந்தால், பறவை முத்து நிறமாகவே காட்சி தரும். ஆனால் உள்ளே வெளிர்சாம்பலை ஒளித்து வைத்திருக்கும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தூய முத்துச் சேவலையும் வெளிர்சாம்பற் பேட்டையும் சேர்த்தால், குஞ்சுகள் யாவும் முத்து நிறமே. அக்குஞ்சுகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தால், அடுத்த தலைமுறையிலே பதினாறு குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 12 முத்தாகவும் 4 வெளிர்சாம்பலாகவும் இருக்கும். அந்த 12 முத்துக்களுள்ளும் ஏறத்தாழ எட்டு, மறைவாக வெளிர்சாம்பலைத் தாங்குவன. எவை தாங்குவன, எவை தாங்காதன என்று எந்தக் கண்ணும் காணமுடியாது.

இப்பொழுது பண்ணையாளன் வெளிர்சாம்பல் நான்கையும் ஒதுக்குகின்றான் என்று கொள்வோம். எஞ்சியவற்றைப் பெரிய மந்தையாகக் கலந்து வளர்த்தால், அடுத்த தலைமுறையில் 9 இல் ஒன்று வெளிர்சாம்பலாகப் பிறக்கும். அதையும் ஒதுக்கினால் 16 இல் ஒன்று. பின்னர் 25 இல் ஒன்று. பின்னர் 36 இல் ஒன்று. பத்துத் தலைமுறை சலித்த பின்னும் 144 இல் ஒன்று பிறந்துகொண்டேயிருக்கும். ஒதுக்க ஒதுக்கக் குறையும், ஆனால் அற்றுப்போகாது. ஒன்றையும் ஒதுக்காது விட்டாலோ, மறைந்த அலகு தானாகத் தேய்ந்து போவதுமில்லை. இதனைக் கணித முறையில் நிறுவியவர் கேம்பிரிட்சுக் கணித மேதையான ஆடி, ஆண்டு 1908. அவரிடம் இவ்வினாவைக் கொண்டுசென்றவர் முன்னே கூறிய பன்னெற்றே. இராமானுசனின் திறமையைக் கண்டு அவரை இங்கிலாந்துக்கு அழைத்த அதே ஆடிதான் இவர் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வெள்ளை நிறத்தின் நடை வேறு. வெள்ளைக் கோழியை முத்துக் கோழியோடு சேர்த்தால், குஞ்சுகள் வெள்ளையாகவும் இரா. முழு முத்தாகவும் இரா. நெஞ்சும் இறக்கையோரமும் வெளுத்து, ஏனைய உடல் முத்துப்புள்ளியோடு விளங்கும். பார்ப்பதற்கு அழகான இப்பறவையை அப்படியே நிலைநிறுத்த ஆசைப்பட்டோர் பலர். ஆனால் நெஞ்சு வெளுத்த இரண்டைச் சேர்த்தால், குஞ்சுகளிற் கால்வாசி முழு வண்ணமாகவும், கால்வாசி வெள்ளையாகவும், அரைவாசி மட்டுமே பெற்றோரைப் போலவும் பிறக்கும். எத்தனை தலைமுறை சென்றாலும் இதே கணக்கு. இந்நிறத்தைத் தூய இனமாக்க எந்தச் சல்லடையாலும் இயலாது. வேண்டுமானால் வெள்ளையையும் முத்தையும் தனித்தனியே பேணி, ஒவ்வோராண்டும் புதிதாகக் கலந்துகொள்ளலாம்.

வெளிர்சாம்பல் நிறம் உண்டாகும் முறையைப் பற்றி நாட்டுக்கோழியிலே நடந்த ஆராய்ச்சி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. கோழிகளிலும் இத்தகைய வெளிறிய சாம்பல் நிறம் உண்டு. அதற்குக் காரணமான அலகு 2008 இல் இனங்காணப்பட்டது. அக்கோழிகளில் கரிய நிறப்பொருள் உண்டாகாமற் போகவில்லை. உண்டான நிறப்பொருளை இறகெங்கும் சீராகக் கொண்டுசென்று பரப்பும் வேலையே தடைப்படுகின்றது. சுண்ணாம்புச் சாந்திலே நீலத்தைக் கலந்தவன் நன்கு கலக்காது விட்டால் சுவர் வெளிறித் தோன்றுவதுபோல, இறகும் வெளிறித் தோன்றுகின்றது. புதிய சாயம் ஒன்றை மனிதன் படைக்கவில்லை. பறவையினுள்ளே எப்பொழுதோ தற்செயலாக நேர்ந்த சிறு மாற்றத்தைக் கண்டு, அதனைப் பெருக்கினான்; அவ்வளவே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கினிக்கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக ஓங்கிய நாடு பிரான்சு. இறைச்சியின் எடையும் முட்டையின் தொகையும் அங்கே முதன்மை பெற்றன. இந்தியாவிலே உத்தரப்பிரதேசத்து இசத்நகரில் 1979 இல் நிறுவப்பட்ட நடுவண் பறவையின ஆராய்ச்சி நிலையம் கினிக்கோழிக்கும் இடமளித்தது. முத்தும் வெளிர்சாம்பலும் வெள்ளையுமாகிய நிறங்களிலே அந்நிலையம் வளர்த்தெடுத்த வகைகள் காதம்பரி, சித்தாம்பரி, சுவேதாம்பரி என்று அழகிய பெயர்களைப் பெற்றன. சுவேதாம்பரி என்பதற்கு வெண்ணாடை உடுத்தவள் என்பது பொருள். தமிழ்நாட்டிலும் நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தார் இப்பறவையைப் பேணி வளர்த்து உழவரிடையே பரப்பினர்.

அங்கே நிறம் வெறும் அலங்காரமாகக் கொள்ளப்படவில்லை. முத்துக் கோழியின் தோலும் இறைச்சியும் சற்றுக் கருமை கலந்தவை. வெள்ளைக் கோழியின் தோல் வெளிறியது. சந்தையிலே வெளிறிய தோலை விரும்பி வாங்குவோர் உண்டு. அன்றியும், நிறம் ஓர் அடையாளமாகவும் பயன்படுகின்றது. வெளிர்சாம்பல் மந்தையிலே முத்து நிறக் குஞ்சு தோன்றினால், அயற் சேவல் ஒன்று உட்புகுந்துவிட்டது என்பது உடனே விளங்கும்.

எனினும் நிறத்தைத் தேடுவோர் செலுத்தவேண்டிய விலையும் உண்டு. காட்டிலே முத்து நிறம் பறவைக்குக் காவல். புதரின் நிழலும் வெயிற்பொட்டும் கலந்த இடத்தில் அப்புள்ளிகள் கண்ணை மயக்கும். வெள்ளைக் கோழிக்கு அக்காவல் இல்லை. பருந்து வட்டமிடும் வெளியிலும் கீரி ஒளிந்திருக்கும் வேலியோரத்திலும் அது தொலைவிலிருந்தே தெரியும். ஆகவே வெள்ளைக் கோழி வளர்ப்போன் கூட்டையும் வலையையும் வலுவாக அமைத்தல் வேண்டும். இயற்கை இலவசமாகத் தந்த காவலை அவன் பொருள் செலவிட்டுப் பெறவேண்டியிருக்கின்றது.

மற்றொரு விலை இதனினும் பெரிது. ஒரு சோடி வெளிர்சாம்பற் கோழியை வாங்கியவன் அவற்றின் குஞ்சுகளையே தமக்குள் சேர்த்து, அவற்றின் குஞ்சுகளையும் அவ்வாறே சேர்ப்பானாயின், நிறம் மாறாதிருக்கும். உடல் நலமோ மெல்லத் தேயும். நிறத்துக்குரிய அலகு மறைந்து நின்று வெளிப்படுவதுபோலவே, நலிவுக்குரிய அலகுகளும் மறைந்து நின்று, உடன்பிறந்தார் கூடும்போது இரட்டையாகி வெளிப்படும். முட்டை பொரிப்பது குறையும். குஞ்சுகள் நலிந்து மாளும். கினிக்குஞ்சு இயல்பிலேயே முதற் சில கிழமைகளில் ஈரத்தைத் தாங்காதது. தாய்க்கோழி பனிபடிந்த புல்லூடே நடந்து குஞ்சுகளைத் தொலைத்துவிடும் என்பதனாலேயே பலர் அதன் முட்டைகளை நாட்டுக்கோழியின் கீழ் அடைவைத்து, 26 முதல் 28 நாட்களிற் பொரிக்கச் செய்கின்றனர். இத்தகைய பறவையிடம் அழகை மட்டும் தேடி உரத்தை இழப்பது பெருநட்டமாகும்.

ஒன்றையே விரும்பி மிகையாக எடுப்பதன் முடிவை மன்னார்க் கடல் முன்னரே கண்டிருக்கின்றது. 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மரிச்சுக்கட்டி மணல்வெளி சில கிழமைகளுக்குப் பெருநகராயிற்று. அடுத்த ஆண்டு, அஃதாவது 1906 இல், ஒரு கம்பனி இருபதாண்டுக் குத்தகையாக அப்பார்களைப் பெற்றது. 1907 க்குப் பின் அதற்குக் கிடைத்தது வெறுங்கடலே. சிப்பி அருகியதற்குக் கடலின் நீரோட்டமும் மீன்களும் காரணமென ஆராய்ந்தோர் உரைத்தாலும், இவ்வாண்டு கிடைத்தது வரும் ஆண்டும் கிடைக்கும் என்று கணக்கிட்டதே அக்கம்பனியாரின் முதற்பிழை. உயிர்ப்பொருளைச் சரக்காக எண்ணியோர்க்கு நேர்ந்த இழப்பு அது.

இன்று தலைமன்னார் அமைதியான ஊர். 1914 இலே தனுக்கோடிக்கு நீராவிக் கப்பல் புறப்பட்ட இறங்குதுறையில் இப்பொழுது பயணிகளின் ஆரவாரம் இல்லை. 1964 டிசம்பரிலே சூறாவளி தனுக்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பலும் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்திலே நின்றது. போரினால் அறுபட்ட இருப்புப்பாதை 2015 இலே திரும்பவும் தலைமன்னாரை அடைந்தது. வீடுகளை விட்டுச் சென்று மீண்டு வந்தோர் வாழும் இத்தகைய கரையூர்களிலே, முற்றத்துக் கோழி என்பது பொழுதுபோக்கன்று. மீன் கிடையாத நாளில் அதுவே கறி. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு முட்டும் நாளில் அதுவே கைப்பணம்.

அத்தகைய குடும்பம் ஒன்று நிறங்கருதிக் கினிக்கோழி வளர்க்க எண்ணினால், மேற்கூறிய வரலாறு அதற்கு மூன்று வழிகளைக் காட்டுகின்றது. நிறத்தோடு முட்டையையும் குஞ்சின் உயிர்ப்பையும் எண்ணிப் பார்த்தே தாய்தந்தையரைத் தெரிதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உறவில்லாத வேற்று மந்தையிலிருந்து சேவலைக் கொண்டுவருதல் வேண்டும். ஒவ்வொரு பறவையின் காலிலும் வளையம் பூட்டி, அது யாருடைய குஞ்சு என்பதை ஒரு கொப்பியிலே எழுதி வைத்தல் வேண்டும். பின்னிடைவான நிறம் மறைந்திருப்பதை ஐயுற்றால் அதனைச் சோதிக்கும் வழியும் உண்டு. ஐயத்துக்குரிய முத்துக் கோழியை வெளிர்சாம்பற் கோழியோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு குஞ்சாவது வெளிர்சாம்பலாகப் பிறந்தால் ஐயம் உறுதி. ஏழு குஞ்சுகளும் முத்தாகவே பிறந்தால், அலகு மறைந்திருப்பதற்கு இடம் மிகச் சிறிது. அவ்வாறு மறைந்துள்ள கோழிக்கு ஏழும் முத்தாகவே பிறப்பது 128 இல் ஒருமுறையே நிகழும்.

ஆரியச்சக்கரவர்த்தியின் அலுவலர் முத்தைப் பிரித்தபொழுது, கையிலிருந்த முத்தைப் பார்த்தால் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. அந்த முத்தின் தாய் யார், நாளை அதிலிருந்து பிறப்பது என்ன என்று அவர்கள் கேட்கவேண்டியதில்லை. முத்துப்புள்ளிக் கோழியைத் தெரிபவனோ, கண்முன் நிற்கும் பறவையோடு அதன் தாய்தந்தையரையும், அதன் குஞ்சுகளையும், குஞ்சுகளின் குஞ்சுகளையும் ஒருசேரப் பார்க்கவேண்டியவனாகின்றான்.